கயிறு கட்டிய மோட்டார்

எங்கள் லயத்தில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், யார் செய்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அண்ணனே வந்து, "என் தப்புதான்" என்று சொல்லிவிடுவார். அவர் உடைத்திருக்க மாட்டார். பக்கத்தில்கூட நின்றிருக்க மாட்டார். ஆனாலும் சுற்றிச் சுற்றி யோசித்து, அந்தத் தப்பு தன் வாசலுக்கு வந்து சேருவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுவார்.

லுக்குட் டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே வந்தால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்கு நடுவில் எங்கள் தோட்டம். வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய தகர வீடுகள்தான் லயம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். நாங்கள் மாரியம்மன் கோயில்காரர்கள், அவர்கள் வேதக்காரர்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நாசமாய்ப் போக என்று சபித்தவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அந்த உறவெல்லாம் நாங்களாக வைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் செத்துப்போனதையும் அண்ணன் அப்படித்தான் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அது அவர் தப்பு இல்லை. யார் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. என் மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இப்போதும் எழுதுகிறேன்.

ஆளைப் பார்த்தால் ஒரு சுற்று மெலிந்த உடம்பு. கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. ஐம்பதைத் தாண்டியவர். யாராவது சத்தமாகப் பேசினாலே, தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிடுவார். ஒரு தடவை பக்கத்து வரிசைக்காரரின் ஆடு வந்து நான் போட்டிருந்த கீரையை வேரோடு மேய்ந்துவிட்டது. நான் வாசலில் நின்று ஆட்டுக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். "காலையில அந்தப் பக்கமாத்தான்மா போனேன். ஆட்டுப்பட்டி கேட்டு லேசாத் தொறந்திருந்துச்சு. சாத்திட்டுப் போயிருக்கலாம். என் தப்புதான்" என்றார். கேட்டும் அவருடையது இல்லை, ஆடும் அவருடையது இல்லை. நான் யாரைத் திட்டுவது?

இன்னொரு வருஷம் கோயில் தீமிதிக்கு முதல் நாள் கொட்டித் தீர்த்த மழையில் குழி நிறையத் தண்ணீர். கோயில் தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இவர் போய், "செடியெல்லாம் காயுதேன்னு போன வாரம் மழைக்கு ஜெபம் பண்ணினேன். என் தப்புதான் தலைவரே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதை உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம சர்ச்சுல என் பாவமேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிறது பத்தலயாண்ணே, வாரம் பூரா அடிச்சுக்கணுமா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

அண்ணிதான் பதில் சொல்வார். "இவரு அவங்கம்மா வயித்துலேர்ந்து வரும்போதே, வலிக்குதா, என் தப்புதான்னு சொல்லிக்கிட்டேதான் வந்திருப்பாருலா."

இந்தக் குணத்தில்தான் மண்டோர் வேலை போயிற்று. ஆட்களை வைத்து வேலை வாங்குகிற பொறுப்பு அது. மேலே கிராணி, அதற்கு மேலே மேனேஜர். மருந்து அடிக்கிற ஆள் ஒருவன் புல்லுக்கு அடிக்கும் விஷ மருந்துத் தொட்டியைக் கழுவாமலேயே நாற்றுக்கு உரத்தண்ணீர் ஊற்றிவிட்டான். ஒரு பாத்தி செம்பனை நாற்று முழுக்கக் கருகிவிட்டது. மேனேஜர் வந்து நின்று யார் செய்தது என்று கத்தியபோது, செய்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி அப்போது நிறைமாதம். அண்ணன் முன்னால் போய், "தொட்டியக் கழுவினியான்னு நான் கேக்கல சார். என் தப்புதான்" என்றார். மறுநாளிலிருந்து அண்ணன் பங்களாதேஷ் ஆட்களோடு குனிந்து கீழே உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கினார். தப்புச் செய்தவன் அவரைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் வாசலில் வைத்தே கேட்டேன்.

"அறிவிருக்காண்ணே உங்களுக்கு? அவன் செஞ்சதுக்கு நீங்க ஏன் ஏத்துக்கிறீங்க?"

"யாராச்சும் ஒருத்தன் ஏத்துக்கிட்டா சண்ட முடிஞ்சிரும்லம்மா. இல்லாட்டி எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்கணும். அது பெரிய சூசா."

சூசா என்றால் கஷ்டம். தோட்டத்தில் மலாய்ச் சொல்லில் சொன்னால் கஷ்டம் கொஞ்சம் குறைவது போல இருக்கும்.

"குட்டக் குட்டக் குனியிறவனும் மடையன்னு சொல்வாங்க, தெரியுமா?" என்றேன். அவர் சரிதான் என்பது போலத் தலையாட்டினார். அப்படிப்பட்ட மனுஷனிடம் என்ன பேசுவது? அதற்குப் பிறகு லயத்தில் எல்லாருக்கும் ருசி கண்டுவிட்டது. கோயில் மைக் கெட்டால், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால், "அண்ணன்கிட்ட சொல்லிடு, ஏத்துக்குவாரு" என்பார்கள். மனுஷன் என்ன குப்பைத் தொட்டியா என்று அவர்களோடு சண்டைக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மோட்டார் சைக்கிள்களுக்கு எங்கள் லயத்தில் அவர்தான் வைத்தியர். கடைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே செயின் இறுக்குவார், பிரேக் கட்டை மாற்றுவார். கைப்பிடி ரப்பர் மாற்றுவதில் மட்டும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தேய்ந்த ரப்பர் பிசுபிசுத்துப் போய் உள்ளங்கையெல்லாம் கறுப்பாக ஒட்டும். அதை பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைத்தண்டு உரிப்பது போல உரித்தெடுப்பார். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்து, வெயிலில் காயவிடுவார். முறுக்குகிற பக்கம் வேலை அதிகம். புது ரப்பரை ரொம்ப உள்ளே தள்ளிவிட்டால் முறுக்கியது திரும்பி வராது, வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு விரல்நகம் நுழைகிற அளவு இடைவெளி விடுவார். முறுக்கி விடுவார். டக்கென்று திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்.

டவுன் கடையில் ஏதோ ஸ்பிரே அடித்து ஐந்து நிமிஷத்தில் மாட்டித் தந்துவிடுவார்கள். அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, மழை பட்டால் வழுக்கும் என்பார். கோயிலுக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட நாலைந்து ரப்பர் மரங்கள் உண்டு. காலையிலேயே போய் ஒரு மரத்தைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்து வருவார். அந்தப் பாலை இரும்பிலும் ரப்பருக்குள்ளும் தடவினால் ரப்பர் வழுக்கிக்கொண்டு ஏறும். காய்ந்துவிட்டால் யானை கட்டி இழுத்தாலும் வராது. ஆனால் உள்ளே காற்று போகாததால் காய இரண்டு நாளாகும். ஓரம் காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும்.

அதனால் வேலை முடிந்ததும் ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குச் சிவப்பு பிளாஸ்டிக் ரஃபியா கயிறு கட்டுவார். கயிறு கட்டிய மோட்டாரை யாரும் தொடக்கூடாது. அவர் வந்து ரப்பரை முறுக்கிப் பார்த்து, அவர் கையால் கயிற்றை அவிழ்த்தால்தான் வண்டி எடுக்கலாம். எங்கள் லயத்தில் கைக்குழந்தைகளுக்குக்கூட இந்த விஷயம் தெரியும்.

என் தங்கைக்கு ரஹாங்கில் என் பிறந்த வீட்டில் பரிசம் போடுவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணன்தம்பிகளுக்கும் ஆகாது. முந்தைய தீபாவளிக்கு ஏதோ வாய் வார்த்தை தடித்துவிட்டது. போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர், சனிக்கிழமை காலை டவுனுக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து அண்ணன் வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"ஒரு வருஷமா கையெல்லாம் கறுப்பு ஒட்டிச்சு. பரிசத்துக்கு மொத நாள்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

சிரித்தார் மனுஷன். "கயிறு கட்டியாச்சு. திங்கக்கிழம காலையிலதான்னு அண்ணன் சொல்லிட்டாருலா. நான் என்ன பண்றது?"

டவுனில் இருக்கும் அவர் கூட்டாளியின் காரைக் கேட்டு வாங்கித்தான் ரஹாங் போவதாக இருந்தோம். டவுன்வரை போக அந்த மோட்டார்தான். புருஷன் இல்லாமல் தனியாகப் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று நினைத்து ராத்திரி பூராவும் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை அண்ணனும் அண்ணியும் சர்ச் வேனில் ஏறிப் போனார்கள். வேன் வளைவில் மறைந்ததும் நான் அவர்கள் வாசலுக்குப் போனேன். கயிற்றில் முடிச்சு இறுக்கமாக விழுந்திருந்தது. நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டி, முதல் நாள் மீன் குடல் போட்டிருந்த குப்பைப் பைக்குள் திணித்தேன். எங்கள் வீட்டுக்குள் போய் என் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

"அண்ணன் சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து பாத்தாரு. காஞ்சிருச்சாம். அவரே கயித்த அவுத்துட்டுப் போனாரு. எந்திரிங்க."

அவர் வெளியே வந்து மோட்டாரைப் பார்த்தார். இடது பக்க ரப்பரை ஒரு முறை பிடித்து முறுக்கினார். அசையவில்லை. "அண்ணனே சொல்லிட்டாரா? அப்பச் சரி" என்றார். என் முகத்தைப் பார்க்காமலேயே டவுனுக்குக் காரை எடுத்துவரக் கிளம்பிப் போனார்.

பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. குண்டும் குழியுமான இடம். எதிரே செம்பனைப் பழம் ஏற்றிய லாரி. ரோட்டோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆள்தான் பார்த்தது. குழியில் வண்டி குதித்தபோது இடது கைப்பிடி ரப்பர் கையோடு கழன்று வந்துவிட்டதாம். வண்டி லாரிப் பக்கம் சாய்ந்ததாம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரப்பர் அவர் கையிலேயே இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை.

சர்ச்சிலிருந்து வேன் திரும்பியபோது லயம் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. அண்ணன் வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நேராக என் மாமியார் முன்னால் வந்து நின்று, "ரப்பர நான்தாம்மா போட்டேன்" என்றார். என் கொழுந்தன் அவரை அடித்தான். ஒரு அடி இல்லை. கீழே விழுந்ததும் மிதித்தான். அண்ணி கத்தினார், "கயிறு கட்டித்தானே இருந்துச்சு, எல்லாரும் பாத்தீங்கல்ல!" என்று. உதடு கிழிந்து தரையில் கிடந்தவர்தான் அதற்கும் பதில் சொன்னார். "கட்டினேன். முடிச்சு சரியா விழலபோல. தானா அவுந்திருக்கும். கயிறு இல்லன்னு தம்பி எடுத்துட்டான். என் தப்புதான்."

முடிச்சு சரியாகத்தான் விழுந்திருந்தது. அதைக் கடித்து இழுத்ததில் என் ஈறு வீங்கிப்போய், எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலித்தது. தலைவிரி கோலமாக நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. என் இரண்டு வயது மகள் மாமியார் மடியில் இருந்தாள். நான் சொல்லவில்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு, விபத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. லயம் அப்படி விடுமா? "மரத்துப் பாலத் தடவி ஒட்டினா நிக்குமா? என்னைக்காச்சும் இப்படி ஆவும்னு தெரியும்லா" என்று பேசினார்கள். அந்த வாரம் ஒவ்வொரு வாசலிலும் ஆண்கள் தங்கள் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாம் அண்ணன் போட்டவை. சிலது பத்து வருஷப் பழசு. ஒன்றுகூட அசையவில்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவு, எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஊரை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், குழாயடியில் அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையில நாங்க வேன் ஏறும்போதுகூட கயிறு கட்டியிருந்துச்சும்மா. என் கண்ணால பாத்தேன். நீயும் வாசக் கூட்டினியே, பாத்திருப்பல்ல? அந்தாளு ராவெல்லாம் தூங்கலம்மா. சும்மா கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கயிறு கெட்டியாத்தான் இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் கவனிக்கலண்ணி" என்றேன். என் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அண்ணி என்னைப் பார்த்தபடியே குழாயை மூடிவிட்டுப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வீடு என் மாமியார் பெயரில் தோட்டம் கொடுத்தது. புருஷனைப் பொய் சொல்லிச் சாக அனுப்பியவள் என்று தெரிந்தால் ஒரு நிமிஷம் அந்தக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. என்னை மட்டும் துரத்தினால் பரவாயில்லை, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அண்ணன்தம்பிகள் இருந்தும் பிறந்த வீட்டில் என்னை வைத்துச் சோறு போட யாருக்கும் மனசு கிடையாது. இதெல்லாம் உண்மை. சொன்னால் அவர் மேல் இருக்கிற பழி இறங்கும், சொல்லாவிட்டால் என் பிள்ளை என்னோடு இருப்பாள். ஒவ்வொரு நாளும் நான் பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் யார் மோட்டாரையும் தொடவில்லை. தொடச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தன் வண்டியையும் விற்றுவிட்டு எங்கே போனாலும் நடந்து போனார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அண்ணி ரஹாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "உசுரோட செத்தவரோட குடும்பம் நடத்த முடியாதும்மா" என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பானை உருளும் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஒவ்வொரு திதிக்கும் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நிற்பார். ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருப்பார். உள்ளே வர மாட்டார். மாமியார் "எம்புள்ளையத் தின்னவன் வந்துட்டான்" என்று சொல்லிப் பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்து ஊற்றுவார். சட்டை நனைந்து நிற்பார். மாமியார் ஓயும்வரை நின்றுவிட்டு, பழத்தை வேலியில் தொங்கவிட்டுப் போவார். பழம் கோழிக்குப் போகும். ஒரு தடவை என் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மோட்டார் இல்லை, ஆள் இல்லை. சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார் போல. உச்சி வெயிலில் டவுனுக்கு நடந்து போய் மருந்து வாங்கி வந்து வேலியில் மாட்டிவிட்டுப் போனார். அந்த மருந்தை எடுத்து என் பிள்ளைக்குக் கொடுத்தேன். வெட்கம் கெட்டவள்தானே நான்.

போகப்போக அவர் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் அது நிஜம். ஒரு நாளாவது, "கயித்த யார் அவுத்தது?" என்று கத்தியிருக்கலாம். ஒரு தடவை என் மாமியாரைப் பார்த்து, "நான் திங்கக்கிழமன்னு சொன்னேன்ல" என்று எதிர்த்துக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். கேட்காமலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனால் எப்படி? அவர் எனக்கு அதைச் சுலபமாக்கிவிட்டார்.

போன வருஷம் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். எல்லாருக்கும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்களுக்கு லுக்குட்டில் ஒரு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. வாடகைச் சீட்டில் என் பெயரும் மாமியார் பெயரும் சேர்ந்திருந்தது. பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது. இனி என்னைத் தெருவில் தள்ளினாலும் நான் எப்படியாவது பிழைத்துக்கொள்வேன் என்ற தைரியம் கொஞ்சம் வந்திருந்தது. அண்ணன் கோலா கிளாவாங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு விட்டால் இல்லை என்று அவர் வாசலுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் அந்த வாசலை நான் மிதித்ததில்லை.

சின்ன லாரியில் ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு சிலுவைப் படம் ஏற்றியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றார்.

"உங்கத்த பாத்தாத் திட்டுவாங்கம்மா. போ."

"அண்ணே, அன்னைக்குக் கயித்த அவுத்தது நான்."

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"முடிச்சு கெட்டியாத்தாண்ணே இருந்துச்சு. பல்லால கடிச்சு அவுத்தேன். நீங்க வந்து அவுத்தீங்க, காஞ்சிருச்சுன்னு சொன்னீங்கன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். பரிசத்துக்குப் போகணும்னு. உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல."

இத்தனை வருஷமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அவர் கத்துவார், அடிப்பார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு கனிவு வந்தது.

"அந்த நாத்து கருகினப்ப எனக்காகச் சண்ட போட்டவ நீ ஒருத்திதான். நான் போறப்ப மனசு லேசாப் போகட்டும்னு வந்து சொல்ற. எனக்குத் தெரியாதாம்மா உன்ன?"

"ஐயோ, நிஜமாத்தாண்ணே சொல்றேன்!"

"வேணாம்மா."

"எம்புள்ள மேல சத்தியம்ணே!"

அதைக் கேட்டதும்தான் அவர் ஆடிப்போனார். கையை நீட்டி என் வாயைப் பொத்த வந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார். "புள்ள மேலயா? புள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணலாமாம்மா?" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "பெத்த புள்ள மேலயே பொய்ச் சத்தியம் பண்ற அளவுக்கு உன்னக் கொண்டுவந்து விட்டுட்டனே. இதுவும் என் தப்புதான். இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத. நம்பிட்டாங்கன்னா உன்னத் தொரத்திடுவாங்க."

சுவருக்கு எங்கள் பக்கம்தான் என் மாமியார் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். அவர் முன்னாலேயே மறுபடி சொல்லியிருந்தால், அண்ணன் நம்பாவிட்டாலும் அவர் நம்பியிருப்பார். லயம் நம்பியிருக்கும். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நான் குரல் கொடுக்கவில்லை. லாரி திரும்பும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. சொல்லியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான்கு மாசத்தில் கோலா கிளாவாங்கிலேயே தூக்கத்தில் செத்துப்போனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

லாரி போன அன்று நான் அவர் வாசலிலிருந்து திரும்பி வந்தபோது மாமியார் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எங்கள் குரல் கேட்டிருக்கிறது, வார்த்தை கேட்கவில்லை.

"அந்தக் கொலகாரன்கிட்ட என்னடி பேச்சு?"

நான் செருப்பைக் கழற்றினேன். "மன்னிப்புக் கேட்டாரு அத்த" என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் தலையைத் தடவி, "உனக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லடி" என்றார்.